பாலைவன முகாம்: ஜோஷுவா ட்ரீயா, டெத் வேலியா, அன்சா-பொரேகோவா?

தெற்குக் கலிபோர்னியாவில் வெயில் தணிந்து நவம்பர் பிறந்ததும் நண்பர்களுக்குள் இந்தப் பேச்சு எழும்: இந்த முறை பாலைவனத்தில் கூடாரம் போடலாமா? அரை மணி நேரத்தில் ஆளுக்கொரு படம் வந்து விழும். ஒருவர் ஜோஷுவா ட்ரீயின் உருண்டைப் பாறைகளை அனுப்புவார், இன்னொருவர் டெத் வேலியின் வெள்ளை உப்புப் படுகையை அனுப்புவார், மூன்றாமவர் அன்சா-பொரேகோவை ஒட்டிய பொரேகோ ஸ்பிரிங்ஸ் ஊரோரம் மணலில் நெளியும் இரும்பு டிராகன் சிற்பத்தை அனுப்புவார். மூன்று பூங்காக்களும் அழகுதான், அதில் தீர்ப்புச் சொல்ல ஒன்றுமில்லை. எத்தனை இரவு தங்குகிறோம், எத்தனை பேர் போகிறோம், கூடாரம் நிற்கும் இடம் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்ற மூன்று கேள்விகளே பயணம் எப்படி அமையும் என்பதைத் தீர்மானிக்கின்றன. கடைசிக் கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

உயரத்தைப் பார்த்த பிறகு பூங்காவைப் பாருங்கள்

ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் சுமார் 2 டிகிரி செல்சியஸ் குறையும் என்பது பொதுக் கணக்கு. டெத் வேலியின் ஃபர்னஸ் க்ரீக் முகாம் கடல்மட்டத்துக்குக் கீழே 60 மீட்டரில் இருக்கிறது. ஜோஷுவா ட்ரீயின் ஜம்போ ராக்ஸ் முகாம் 1,340 மீட்டரில் இருக்கிறது. இரண்டும் "பாலைவனம்" என்ற ஒரே பெயருக்குள் வந்தாலும், ஒரே நாளில் இரண்டுக்கும் இடையே 9 டிகிரி வித்தியாசம் இருக்கலாம். ஜனவரியில் ஃபர்னஸ் க்ரீக்கில் சராசரியாகப் பகலில் 19 டிகிரி, இரவில் 4 அல்லது 5 டிகிரி. ஜம்போ ராக்ஸில் பகல் 15 டிகிரியைத் தொட்டால் பெரிது, இரவில் தண்ணீர்ப் புட்டி உறைந்து கிடக்கும்.

ஏப்ரல் நடுவில் நிலைமை தலைகீழாகிவிடும். ஃபர்னஸ் க்ரீக்கில் சராசரிப் பகல் வெப்பம் 32 டிகிரிக்குப் போய்விடும், கூடாரத்துக்குள் இரவு பத்து மணிக்கும் புழுங்கும். அப்போது ஜம்போ ராக்ஸில் ஒரு மெல்லிய ஜாக்கெட் போதும்.

மூன்று பூங்காக்களின் முகாம்களையும் உயரப்படி அடுக்கினால் தேர்வு எளிதாகும். அடிமட்டத்தில் ஃபர்னஸ் க்ரீக், கடல்மட்டத்தை ஒட்டி டெக்சஸ் ஸ்பிரிங்ஸ், ஸ்டவ்பைப் வெல்ஸ். அடுத்து அன்சா-பொரேகோவின் பொரேகோ பாம் கேன்யன், சுமார் 235 மீட்டர். டெத் வேலியின் வடகோடியில் மெஸ்கீட் ஸ்பிரிங், 550. அன்சா-பொரேகோவின் பிளேர் வேலி, 760. ஜோஷுவா ட்ரீயின் தெற்கு வாயில் பக்கம் காட்டன்வுட், சுமார் 915. வடக்கே இந்தியன் கோவ், 975. பிறகு பிளாக் ராக், ஹிடன் வேலி, ரயன், ஜம்போ ராக்ஸ் எல்லாம் 1,200-க்கு மேல். டெத் வேலியிலேயே வைல்ட்ரோஸ் 1,250-லும் மஹாகனி ஃபிளாட் 2,500-லும் இருக்கின்றன. டிசம்பர், ஜனவரியில் 1,000 மீட்டருக்குக் கீழே தங்குங்கள். மார்ச் கடைசி, ஏப்ரல், அக்டோபர் கடைசியில் 1,000-க்கு மேலே போங்கள். மே முதல் செப்டம்பர் வரை இந்த மூன்றின் தாழ்வான பகுதிகளுக்கும் நண்பர்களைக் கூட்டிப்போக வேண்டாம். 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி என்ற உலகச் சாதனை வெப்பம் பதிவானது ஃபர்னஸ் க்ரீக்கில்தான். கோடையில் அங்கே காலை பத்து மணிக்குப் பிறகு தாழ்நிலங்களில் நடக்க வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே சொல்கிறது.

உயரக் கணக்குக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. காற்றில்லாத இரவில் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். பிளேர் வேலி போன்ற கிண்ண வடிவப் பள்ளத்தாக்கில் தரை மட்டத்தில் கூடாரம் போட்டவர், அங்கிருந்து இருபது மீட்டர் மேலே பாறையோரம் போட்டவரைவிட அதிகமாக நடுங்குவார். சமதரை என்று கண்டதும் கூடாரத்தை இறக்காமல் சற்று மேட்டைத் தேடுங்கள்.

எத்தனை பேர், எத்தனை மாதம் முன்னால்

ஆறு பேர், இரண்டு கார் என்றால் ஜோஷுவா ட்ரீ பொருந்தும். அங்கே ஒரு முகாம் இடத்துக்கு உச்சவரம்பே ஆறு பேர், மூன்று கூடாரம், இரண்டு கார்தான். ஏழாவது ஆள் சேர்ந்தால் இரண்டாவது இடம் எடுக்க வேண்டும், அது பக்கத்திலேயே கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. ஃபர்னஸ் க்ரீக்கிலும் பொரேகோ பாம் கேன்யனிலும் எட்டுப் பேர் வரை ஓர் இடத்தில் தங்கலாம். பத்துப் பதினைந்து பேர் என்றால் ஜோஷுவா ட்ரீயில் ஷீப் பாஸ், இந்தியன் கோவ், காட்டன்வுட் ஆகியவற்றில் குழு இடங்கள் தனியாக உண்டு. அவைதான் முதலில் நிரம்பும்.

ஜோஷுவா ட்ரீயின் பெரும்பாலான முகாம்களுக்கு ஆறு மாதம் முன்னதாக இணையத்தில் முன்பதிவு திறக்கும். நவம்பர், மார்ச், ஏப்ரல் வாரக் கடைசிகள் சூட்டோடு சூடாகப் போய்விடும். ஹிடன் வேலி, பெல், வைட் டாங்க் மூன்றும் முந்தி வருவோர்க்கே. ஆனால் "முந்தி" என்பதற்கு அங்கே வெள்ளிக்கிழமை காலை என்று அர்த்தம். மாலை ஆறு மணிக்கு வேலை முடித்து லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கிளம்புகிறவருக்கு அந்த மூன்றும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் நிரம்பிவிட்டால் தெற்கு வாயிலுக்கு வெளியே பொதுநில நிர்வாகத் துறையின் நிலத்தில் இலவசமாகத் தங்கலாம். அங்கே கழிப்பறையும் இல்லை, தண்ணீரும் இல்லை.

முன்பதிவே வேண்டாம் என்பவர்களுக்கு அன்சா-பொரேகோதான் விடை. 6 லட்சம் ஏக்கருக்கும் மேல் பரந்த இந்த மாநிலப் பூங்காவில், மண் சாலைகளின் ஓரமாகக் கட்டணமும் அனுமதிச் சீட்டும் இல்லாமல் கூடாரம் போடலாம். கார் சாலையிலிருந்து ஒரு கார் நீளத்துக்குள் நிற்க வேண்டும். நீர்நிலையிலிருந்து 30 மீட்டராவது தள்ளித் தங்க வேண்டும். தரையில் தீ மூட்டக் கூடாது. உலோகத் தொட்டிக்குள் மூட்டலாம், சாம்பலையும் திரும்ப எடுத்துப்போக வேண்டும். விறகு பொறுக்குவதற்கு மூன்று பூங்காக்களிலுமே அனுமதி இல்லை. காய்ந்து கிடக்கும் கட்டைதானே என்று எடுப்பவர்கள் உண்டு, அந்தக் கட்டைதான் பல்லிக்கும் எலிக்கும் வீடு.

பூக்காலம் தேடுபவர்களுக்கும் இதே காரணத்தால் அன்சா-பொரேகோ வசதி. 2017, 2019 போல நிலமெல்லாம் பூத்துக் குலுங்குமா என்பது இலையுதிர் காலத்து, குளிர்காலத்து மழையைப் பொறுத்தது. பிப்ரவரி வரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆறு மாதம் முன்னால் இடம் பிடித்துவிட்டுப் பூவுக்குக் காத்திருப்பது லாட்டரிச் சீட்டு.

நுழைவுக் கட்டணம் பெரிய வித்தியாசம் செய்யாது. இரண்டு தேசியப் பூங்காக்களிலும் ஒரு காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். அன்சா-பொரேகோவில் பொதுவான நுழைவுக் கட்டணம் கிடையாது, பாம் கேன்யன் போன்ற சில இடங்களில் மட்டும் வாங்குவார்கள்.

சாலையில் எத்தனை மணி நேரம்

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஜோஷுவா ட்ரீ ஊர் இரண்டரை மணி, பொரேகோ ஸ்பிரிங்ஸ் மூன்று மணி, ஃபர்னஸ் க்ரீக் நாலரை மணி. சான் டியகோவிலிருந்து பொரேகோ இரண்டே மணி. லாஸ் வேகஸிலிருந்து ஃபர்னஸ் க்ரீக்கும் சுமார் இரண்டு மணிதான். சான் பிரான்சிஸ்கோ பக்கமிருந்து வருகிறவருக்கு எதுவுமே எட்டு மணிக்குக் குறையாது. அவர்கள் இரண்டு இரவுக்காகக் கிளம்பவே வேண்டாம்.

வந்துசேரும் நேரத்தைவிட உள்ளே ஓட்டும் நேரம்தான் ஏமாற்றும். டெத் வேலி 34 லட்சம் ஏக்கர், அலாஸ்காவை விட்டால் நாட்டின் மிகப் பெரிய தேசியப் பூங்கா. ஃபர்னஸ் க்ரீக்கிலிருந்து பேட்வாட்டர் உப்புப் படுகை 27 கி.மீ. தெற்கே, ஸ்டவ்பைப் வெல்ஸ் மணல்மேடுகள் 40 கி.மீ. வடமேற்கே, உபிஹீபி எரிமலைப் பள்ளம் ஒரு மணிக்கு மேல் வடக்கே. இரண்டு இரவு தங்குகிறவர் பாதிப் பகலைக் காருக்குள் கழிப்பார். மூன்று இரவாவது இருந்தால்தான் டெத் வேலி மதிப்புப் பெறும்.

ஜோஷுவா ட்ரீயில் வேறு சிக்கல். வரைபடத்தில் இந்தியன் கோவ் பூங்காவின் நடுப்பகுதிக்கு ஒட்டியே தெரியும். ஆனால் அங்கிருந்து உள்ளே கார்ச் சாலை கிடையாது. ஊருக்கு வெளியே வந்து நெடுஞ்சாலையைச் சுற்றி மறுபடி நுழைய வேண்டும், ஹிடன் வேலி போக முக்கால் மணி ஆகும். பிளாக் ராக்கும் அப்படித்தான். குளிருக்குத் தாழ்வான இந்தியன் கோவைத் தேர்வது சரியான முடிவுதான், ஆனால் தினமும் அந்தச் சுற்றையும் சேர்த்தே கணக்கிடுங்கள். சனிக்கிழமை பத்து மணிக்கு மேற்கு வாயிலில் நீண்ட வரிசை நிற்கும். ட்வென்டிநைன் பாம்ஸ் பக்கத்து வடக்கு வாயில் வழியாகப் போனால் அந்தத் தலைவலி குறைவு.

நடைக்கு

குழுவில் ஒருவர் மாரத்தான் ஓடுபவர், ஒருவர் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குபவர் என்றால் ஜோஷுவா ட்ரீயே மேல். குறும்பாதைகள் அடுத்தடுத்து இருப்பதால் பிரிந்து நடந்து மறுபடி கூடலாம். ஹிடன் வேலி ஒன்றரை கி.மீ. வட்டம், பார்க்கர் டாம் அதைவிடச் சற்று நீளம். ரயன் மலை போகவர 4.8 கி.மீ., ஏற்றம் 320 மீட்டர். நிழலே இல்லாத படிக்கட்டுப் பாதை, இரண்டரை மணி வைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் காற்று அறையும், ஏறும்போது கழற்றிய ஜாக்கெட்டைக் காரிலேயே விட்டுவராதீர்கள். ஒரு முழுநாள் நடை வேண்டுமென்றால் காட்டன்வுட்டிலிருந்து லாஸ்ட் பாம்ஸ் ஒயாசிஸ், போகவர 12 கி.மீ. போகும்போது சுலபமாக இருக்கும், கடைசியில் பள்ளத்தாக்குக்குள் இறங்க வேண்டும். திரும்பும்போது களைத்த காலோடு அதை ஏற வேண்டியிருக்கும். கையிருப்புத் தண்ணீரில் பாதிக்கு மேல் அந்த ஏற்றத்துக்கு வையுங்கள்.

ஜோஷுவா மரம் கள்ளி இல்லை, யக்கா இனத்தைச் சேர்ந்தது. கள்ளியைத் தேடுபவர் தெற்கே சோயா (cholla) கள்ளித் தோட்டத்துக்குப் போக வேண்டும். பஞ்சுப் பொம்மை போலத் தெரியும் அந்தச் செடியின் கணுக்கள் உரசினாலே ஒட்டிக்கொண்டு கழன்று வரும், முள்ளில் பின்நோக்கிய கொக்கிகள் இருக்கும். கையால் பிடுங்கினால் கையிலும் ஏறும். பெரிய பல் உள்ள சீப்பைச் செடித் துண்டுக்கும் தோலுக்கும் நடுவே நுழைத்து வேகமாகத் தட்டிவிட்டு, மிச்ச முள்ளை இடுக்கியால் எடுப்பதே வழி. சீப்பு ஒன்று கட்டாயம் பையில் இருக்கட்டும்.

டெத் வேலியில் நடை நில அமைப்பைப் பார்ப்பதற்கே. கோல்டன் கேன்யன் வழியாக ஏறி கவர் கல்ச் வழியாக இறங்கும் வட்டம் சுமார் 7 கி.மீ. மஞ்சள் களிமண் மடிப்புகளுக்குள் காலை வெயில் விழும் நேரத்தில் அதற்கு இணை இந்த மூன்று பூங்காவிலும் இல்லை. மொசைக் கேன்யன் போகவர 6.4 கி.மீ., வழவழப்பான பளிங்குச் சுவர்களுக்கு நடுவே கை வைத்து ஏற வேண்டிய இடங்கள் வரும். டெலஸ்கோப் சிகரம் 3,368 மீட்டர், போகவர 22.5 கி.மீ. குளிர்காலத்தில் பனிக் கோடாரியும் காலணி முட்களும் இல்லாமல் ஏறக்கூடாது. ஜூனில் ஏறலாம், கீழே அனல் காயும்போது உச்சி இதமாக இருக்கும்.

அன்சா-பொரேகோவின் பாதைகள் பொதுவாகக் குட்டையானவை. பொரேகோ பாம் கேன்யன் போகவர 4.8 கி.மீ., முடிவில் பனைத் தோப்பு. காலை ஏழு, எட்டு மணிக்குப் பேசாமல் நடந்தால் பாறைகளில் பெருங்கொம்பு ஆடுகளைக் காண நல்ல வாய்ப்பு உண்டு. "பொரேகோ" என்ற ஸ்பானியச் சொல் ஆட்டைக் குறிப்பதுதான். பிளேர் வேலியில் தங்கினால் கோஸ்ட் மவுன்டன் ஏறலாம், 1930களிலும் 40களிலும் மார்ஷல் சவுத் என்பவர் குடும்பத்தோடு வாழ்ந்த வீட்டின் இடிபாடு மேலே இருக்கிறது. பழங்குடியினரின் பாறை ஓவியங்களுக்கும் அங்கிருந்தே ஒரு குறும்பாதை போகிறது. கடினமான நடை வேண்டுபவருக்கு இந்தப் பூங்கா ஏமாற்றமாகத் தோன்றலாம்.

விண்மீன் பார்க்க மூன்றுமே நல்ல இருட்டு. ஆனால் டிசம்பரில் பால்வீதியின் பிரகாசமான நடுப்பகுதி இரவு வானில் இருக்காது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேமராவோடு வரும் நண்பருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மார்ச், ஏப்ரலில் விடியலுக்கு முன் எழுந்தால் தெரியும்.

தண்ணீர்க் கணக்கு

இங்கேதான் மூன்று பூங்காவும் உண்மையாகப் பிரிகின்றன. ஃபர்னஸ் க்ரீக், ஸ்டவ்பைப் வெல்ஸ், மெஸ்கீட் ஸ்பிரிங் முகாம்களில் குழாய்த் தண்ணீர் உண்டு. பொரேகோ பாம் கேன்யனில் தண்ணீரோடு குளியலறையும் உண்டு. ஜோஷுவா ட்ரீயில் பிளாக் ராக், காட்டன்வுட் முகாம்களில் மட்டும் குழாய், இந்தியன் கோவில் நுழைவிடத்தில் பிடிக்கலாம். ஜம்போ ராக்ஸ், ரயன், ஹிடன் வேலியில் ஒரு சொட்டுக் கிடையாது. ஜம்போ ராக்ஸிலிருந்து தண்ணீர் பிடிக்க சுமார் 20 கி.மீ. ட்வென்டிநைன் பாம்ஸ் ஊருக்குப் போக வேண்டும். பிளேர் வேலியில் கழிப்பறை உண்டு, தண்ணீர் இல்லை.

நடக்கும் நாளில் ஓர் ஆளுக்குக் குடிக்க நாலரை லிட்டர், சமையலுக்கும் பாத்திரத்துக்கும் முகம் கழுவவும் இரண்டரை, ஆக ஏழு லிட்டர். ஆறு பேர், மூன்று நாள் என்றால் 126 லிட்டர். 26 லிட்டர் கேன் ஐந்து வேண்டும், அதன் எடை மட்டும் 130 கிலோ. ஒரு சாதாரண செடான் காரின் சுமைத் திறன் ஆட்களோடு சேர்த்து 400 கிலோவை ஒட்டித்தான். நான்கு பெரியவர்கள் உட்கார்ந்தால் 300 போய்விடும். ஐந்து கேனையும் ஒரே டிக்கியில் ஏற்றாமல் இரண்டு காருக்கும் பிரித்து, பின்னிருக்கைக்கு நெருக்கமாகத் தாழ வையுங்கள். ஒரே பெரிய பீப்பாய் வேண்டாம், அதன் குழாய் கசிந்தால் மொத்தமும் போயிற்று. குழாய் உள்ள முகாமுக்குப் போகிறீர்கள் என்றால் இந்தக் கணக்கு ஒரே கேனில் முடிந்துவிடும். அந்த 100 கிலோ மிச்சமாவது முதல்முறை போகிறவர்களுக்குப் பெரிய வசதி.

தண்ணீர் மட்டும் குடித்தால் போதாது. வறண்ட காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடும், உப்பு போவது தெரியாது. நாள் முழுக்க வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருப்பவருக்குத் தலைவலியும் குமட்டலும் வரும். உப்புக்கடலை, ஊறுகாயோடு தயிர்சாதம், முறுக்கு எல்லாம் இங்கே நொறுக்குத்தீனி மட்டுமல்ல.

சாதம் வடிக்க நினைப்பவர் கவனிக்க: ஆறு பேருக்கான அரிசியைக் களையவே மூன்று நான்கு லிட்டர் கரையும். வீட்டிலேயே கழுவி நிழலில் உலர்த்தி எடுத்துவாருங்கள், அல்லது ரவை, சேமியா, அவல் என்று மாறுங்கள். ஜம்போ ராக்ஸ் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரிச் சொச்சத்திலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக வெகுநேரம் பிடிக்கும். மூன்று லிட்டர் குக்கர் ஒன்று போதும். தட்டைக் கழுவுவதற்கு முன் காகிதத்தால் துடைத்தால் தண்ணீர் பாதி மிச்சம். அந்தக் காகிதம் குப்பைப் பைக்குள் போகட்டும். பையைக் காருக்குள் பூட்டுங்கள், காக்கையும் கயோட்டியும் காத்துக்கொண்டிருக்கும்.

அடுப்பு ஏன் அணைகிறது

ஆசிய மளிகைக்கடையில் கிடைக்கும் சதுரப் பெட்டி அடுப்பு பல வீடுகளில் இருக்கும். அதற்குள் போகும் நீள் குப்பியில் 227 கிராம் பியூட்டேன். பியூட்டேன் கொதிநிலை மைனஸ் அரை டிகிரி. ஜம்போ ராக்ஸில் ஜனவரிக் காலையில் குப்பிக்குள் வாயு திரவமாகவே கிடக்கும், தீ நீல நிறத்தில் மினுக்கிவிட்டு அணைந்துவிடும். குப்பியை இரவு ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டால் ஒரு காபி போடும் அளவுக்கு எரியும், அதற்குள் குப்பி தன்னாலேயே குளிர்ந்துவிடும். குப்பியை நெருப்பருகே காட்டிச் சூடாக்குவது வெடிப்புக்கு வழி. அதே அடுப்பு ஃபர்னஸ் க்ரீக்கில் எந்தக் குறையுமில்லாமல் வேலை செய்யும்.

உயரமான முகாமுக்குப் புரொப்பேன் கேட்கும் இரட்டை அடுப்பை எடுங்கள். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை வாயுவாகும். அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான பச்சை உருளை, இரண்டு தீயும் முழுதாக எரிந்தால் ஒரு மணி நேரம் வரும். ஆறு பேர், மூன்று நாளுக்கு மூன்று உருளையும், ஒன்று கைவசமும்.

காற்றும் முளையும்

மழை அபூர்வம், காற்று தினசரி. பிப்ரவரி முதல் மே வரை ஸ்டவ்பைப் வெல்ஸில் கூடாரம் பறப்பது புதினமில்லை. கூடாரத்தோடு வரும் மெல்லிய அலுமினிய முளை மணலில் பிடிக்காது, ஜம்போ ராக்ஸின் கெட்டித் தரையில் வளைந்துவிடும். கெட்டித் தரைக்கு 25 செ.மீ. இரும்பு ஆணியும் ஒரு சுத்தியலும். மணலுக்குத் துணிப்பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, ஒரு முழ ஆழத்தில் புதைப்பது. நடைக்குப் போகும்போது கூடாரத்தைச் சாய்த்து உள்ளே கனமான பொருளை வைத்துவிட்டுப் போங்கள். கம்பி முறிவதெல்லாம் ஆளில்லாத மதிய நேரத்தில்தான். ஜம்போ ராக்ஸின் பாறைகள் காற்றைத் தடுப்பதால் இந்த விஷயத்தில் மூன்றிலும் அதுவே மேல்.

வறண்ட ஓடைப் படுகையில் கூடாரம் போடாதீர்கள். மென்மணல், சமதளம், காற்றுமறைவு எல்லாம் அங்கேதான் இருக்கும். வெள்ளமும் அங்கேதான் வரும், மழை கண்ணுக்கெட்டாத மலையில் பெய்திருந்தாலும். குளிர்காலத்துக்கு ஸ்லீப்பிங் பேக்கின் இதநிலை அளவு (comfort rating) உயர்ந்த முகாம்களுக்கு மைனஸ் 5, தாழ்ந்தவற்றுக்கு 3 டிகிரி. அடிமெத்தையின் காப்பு மதிப்பு (R-value) நான்குக்குக் குறையாமல் இருந்தால் தரைக் குளிர் ஏறாது. காற்றடைக்கும் மெத்தை என்றால் கீழே தடித்த விரிப்பு, முள் எங்கும் கிடக்கும்.

காரைப் பற்றி ஒரு சொல்

ஜோஷுவா ட்ரீயில் மேலே சொன்ன இடங்கள் எல்லாவற்றுக்கும் சாதாரணக் கார் போதும். அன்சா-பொரேகோவில் பிளேர் வேலியின் முதல் பகுதி உலர்ந்த நாளில் சாதாரணக் காருக்குப் பெரும்பாலும் சரி, மழை பெய்த மறுநாள் அங்குள்ள வறண்ட ஏரிப்படுகை சேறாகிவிடும். ஃபான்ட்ஸ் பாயின்ட் என்ற காட்சிமுனைக்குப் போக ஆறேழு கி.மீ. மணல் ஓடை. நான்கு சக்கர இயக்கமும் தரை இடைவெளியும் வேண்டும், டயர்க் காற்றை 20 பிஎஸ்ஐ-க்கு இறக்க வேண்டும், திரும்ப அடைக்கச் சிறு பம்பு வேண்டும். சக்கரம் சுழன்று புதைய ஆரம்பித்தால் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் நிறுத்தி, மண்வாரியால் தோண்டி, பின்னோக்கி வெளியே வாருங்கள். டெத் வேலியின் ரேஸ்டிராக் என்ற வறண்ட ஏரிப்படுகைக்குப் போகும் 43 கி.மீ. கற்சாலை டயர் கிழிப்பதற்குப் பேர்போனது. வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பொதுவாகவே மண் சாலைக்கு அனுமதி தருவதில்லை, சிக்கினால் இழுத்துவரும் செலவு முழுதும் உங்கள் தலையில்.

மூன்றிலும் பெரும்பகுதிக்குச் செல்போன் அலை கிடையாது. வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி அனுப்பும் கருவி குழுவுக்கு ஒன்றாவது இருக்கட்டும்.

யாருக்கு எது

முதல் தடவை, ஆறு பேர், இரண்டு இரவு, முன்பதிவு கையில் என்றால் ஜோஷுவா ட்ரீ. அக்டோபர் கடைசி முதல் நவம்பர் நடு வரையிலும் மார்ச் நடு முதல் ஏப்ரல் வரையிலும் ஜம்போ ராக்ஸ். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காட்டன்வுட், தண்ணீரும் அங்கே உண்டு. பாறைக் காட்சிகளிலிருந்து அது தள்ளி இருப்பது உண்மை. ஆனால் தூங்காத ஆள் மறுநாள் எந்தப் பாறையையும் ரசிக்கமாட்டார்.

முன்பதிவு கிடைக்கவில்லை, ஆள் எண்ணிக்கை கடைசி வரை மாறிக்கொண்டே இருக்கிறது, குழந்தைகளும் உண்டு என்றால் பிளேர் வேலி. குளியலறை இல்லாமல் முடியாது என்பவர் ஒருவர் இருந்தால் பொரேகோ பாம் கேன்யன், அதற்கு முன்பதிவு வேண்டும்.

டிசம்பர், ஜனவரி விடுமுறையில் மூன்று நான்கு இரவு கையில் இருக்கிறது, குளிர் வேண்டாம் என்றால் டெத் வேலி. ஃபர்னஸ் க்ரீக் அல்லது டெக்சஸ் ஸ்பிரிங்ஸில் ஒரே முகாமாக நிலைகொண்டு, ஒருநாள் தெற்கு, ஒருநாள் வடமேற்கு, ஒருநாள் கோல்டன் கேன்யன் என்று பிரியுங்கள். முகாமை நாளுக்கொரு இடம் மாற்றுவது வேண்டாம். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், கழற்றி மாட்டுவதிலேயே வெளிச்சம் போய்விடும்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் பூங்காவின் இணையதளத்தில் சாலை நிலவரம் பாருங்கள். 2023 ஆகஸ்டில் ஹிலரி புயல் ஒரே நாளில் ஓராண்டு மழையைக் கொட்டியதில் டெத் வேலி அக்டோபர் 15 வரை மூடிக் கிடந்தது, சில சாலைகள் அதற்குப் பிறகும் வெகுநாள் திறக்கவில்லை. ஸ்டவ்பைப் வெல்ஸில் மணிக்கு 60 கி.மீ.-க்கு மேல் காற்று என்று முன்னறிவிப்பு சொன்னால் கூடாரத்தை மறந்துவிட்டு, அங்குள்ள விடுதியில் அறை இருக்கிறதா என்று கேளுங்கள், அல்லது பயணத்தை ஒரு வாரம் தள்ளுங்கள்.